முழு மனதோடு சரண்டர்

"டேய் கஸ்பாரு! உன் பச்சக் கார்ட செக் பண்றதுக்கு ஒரு ஆளு வந்துட்டுப் போனாரு" என்றாள் லூர்தம்மா, அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்காமல்.

கல்மண்டபம் சலூனில் முடி வெட்டிக்கொண்டு, பிடரியில் பவுடரோடு வீட்டுக்குள் நுழைந்த கஸ்பார் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா கார்டு?"

"பச்சக் கார்டுதான். நீ எத்தினி கார்டு வச்சிகினு கீற?"

"ஆளு எப்டி இருந்தாரு?"

"டீசன்டாத்தான் இருந்தாரு. பேன்ட்டு, சட்ட, கைல நீளமா ஒரு நோட்டு. கஸ்பாருன்றது யாரு, இங்க குடியிருக்காரா இல்லியான்னு நோண்டி நோண்டிக் கேட்டாரு. ஆளு இல்லன்னா கார்ட கேன்சல் பண்ணிடுவாங்களாம்."

"நீ இன்னா சொன்ன?"

லூர்தம்மா இப்போதுதான் தலையைத் தூக்கினாள். முகமெல்லாம் பெருமை.

"நானு வுடுவனா? எந்தம்பி இங்கதான் சார் கீறான், பொறந்ததுலேர்ந்து இந்த ராயபுரத்த வுட்டு ஒரு நாளு கூட வெளிய போனதில்லன்னு சொல்ட்டேன். நாளிக்கி பதினோரு மணிக்குத் திரும்பி வரேன், ஆள வூட்லயே இருக்கச் சொல்லுன்னாரு."

கஸ்பாருக்கு வியர்த்தது. மே மாத ராயபுரத்தில் வியர்ப்பது பெரிய விஷயமில்லை. ஆனால் இது வெயிலுக்கு வந்த வியர்வை இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வரை கஸ்பார் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வின்ச் டிரைவர். மனைவி ஹில்டா நர்ஸ். ஹில்டா ராப்பகலாகப் படித்துப் பரீட்சை எழுதி, அமெரிக்காவில் ஹூஸ்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை வாங்கினாள். நிரந்தரமாக அங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்று அமெரிக்கா அவளுக்கு ஒரு கிரீன் கார்டு கொடுத்தது. கூடவே, புருஷனாயிற்றே என்று கஸ்பாருக்கும் ஒன்று கொடுத்தது. அவள் கொண்டுபோன பெட்டிகளில் கஸ்பாரும் ஒன்று என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள்.

அங்கே அவர் பார்சல் வேன் ஓட்டினார். காண்டிராக்ட் வேலை. கம்பெனி வரி பிடிக்காது, வருஷத்துக்கு ஒரு தரம் ஏப்ரலில் நாமே கணக்குக் கொடுத்துக் கட்ட வேண்டும். மீன் வாங்குவது, குப்பை கொட்டுவது, வரி கட்டுவது, இந்த மூன்றும் உன் வேலை என்று ஹில்டா போன முதல் மாதமே சொல்லிவிட்டாள். முதல் இரண்டையும் கஸ்பார் ஒரு நாள் தவறவிட்டதில்லை.

மூன்றாவதில்தான் சறுக்கினார். இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் ஏப்ரலில் அக்கா போன் செய்து, "ஓடு ஒழுகுதுடா, மழைக்குக் குண்டான் வச்சிகினு குந்தினு கீறேன்" என்று அழுதாள். விதவை அக்கா. வரிக்கு என்று தனியாக வைத்திருந்த பணத்தைக் கஸ்பார் ராயபுரத்துக்கு அனுப்பினார். சுவர் எழும்பியது. அடுத்த ஏப்ரலில் தளம் போட்டார்கள். இரண்டு தடவையும் ஹில்டா, "டாக்ஸ் கட்டியாச்சா?" என்று கேட்டாள். "எப்பவோ கட்டியாச்சு" என்றார் கஸ்பார். கட்டியது உண்மைதான். கட்டடம்.

போன மார்ச்சில் அமெரிக்க வரி ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டு வருஷமாகக் கணக்கே வரவில்லை, வட்டி இவ்வளவு, அபராதம் இவ்வளவு என்று அச்சடித்து வந்தது. ஹில்டா கண்ணில் படாத இடம் எது என்று யோசித்த கஸ்பார், அதைப் பெட்டியின் உள்துணிக்குள் செருகி, லீவுக்கு வரும்போது ராயபுரத்துக்கே எடுத்து வந்துவிட்டார். ஹில்டாவோ இந்த வருஷம் அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போடப் போகிறாள். அதற்கு வரி கட்டிய நகல் கேட்பார்கள். வரி கட்டாதவனுக்குக் குடியுரிமை கிடையாது, ரொம்பப் போனால் கிரீன் கார்டையே பிடுங்கி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வேன் கம்பெனியில் ஒருவன் சொல்லியிருந்தான். வருகிற வெள்ளிக்கிழமை ஹில்டா லீவில் இங்கே வருகிறாள். இன்று திங்கள்.

அதற்குள் அமெரிக்கா ராயபுரத்துக்கே ஆள் அனுப்பும் என்று கஸ்பார் நினைக்கவில்லை.

"கெடுத்தியே அக்கா! இங்கயே கீறேன்னு சொன்னா கார்டு போயிடும்!"

"அட மண்டு! இங்க இல்லன்னு சொன்னாத்தான்டா போவும். உனுக்கு இன்னா தெரியும்?"

இரண்டு பேருமே அவரவர் வரையில் சரியாகத்தான் சொன்னார்கள். வஞ்சிர மீன் குழம்பில் மட்டும் அன்று உப்பு கூடிப்போய்விட்டது.

கஸ்பார் நேராகக் காசிமேட்டுக்குப் போய்க் குமாரவேலைப் பிடித்தார். இருபது வருஷம் ஒன்றாக வின்ச் ஓட்டிய தோஸ்து. தெரியாத விஷயத்தில்தான் குமாரவேலின் யோசனை இன்னும் தெளிவாக இருக்கும்.

"டாக்ஸ் கட்லன்னு தேடிகினு வந்துக்கீறான் மாமு" என்றார் குமாரவேல், டீயை ஊதியபடி. "அவன் வெள்ளக்காரனா அனுப்ப மாட்டான். லோக்கல்லயே ஆளு வச்சிருப்பான். அப்பதான் நமக்கு டவுட்டு வராது."

"இப்ப இன்னா பண்றது?"

"உங்கக்கா சொன்னத ஒடைக்கணும். நாளிக்கி அவன் வரப்போ நீ ஃபுல்லா அமெரிக்காக்காரனா இருக்கணும். உன்னப் பாத்தா அந்த மாதிரி இல்ல மாமு. மூஞ்சில ராயபுரம்னு எழுதி ஒட்டிக்கீது."

மறுநாள் பதினோரு மணி வெயிலில் கஸ்பார் ஜீன்ஸ், ஷூ, முழங்கால் வரை பஞ்சு வைத்த குளிர்க் கோட்டு, கூலிங் கிளாஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் மினரல் வாட்டர் பாட்டில். மடியில் பாஸ்போர்ட்டும் ரிட்டன் டிக்கெட்டும். கோட்டுக்குள் குடம் குடமாக ஊற்றியது. ஃபேனைக் கூட லூர்தம்மா தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

டி.வி.எஸ். ஃபிஃப்டி ஒன்று வாசலில் நின்றது. வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கக்கத்தில் நீள நோட்டு.

"என் பேரு சௌக்கத் அலி. நேத்து வந்தேனே. நீங்கதான் கஸ்பாருங்களா?"

"யெஸ். கஸ்பார். ஃப்ரம் ஹூஸ்டன்."

"ஹூஸ்டனா? அது எந்தத் தெருவு?"

"தெரு இல்ல சார், அமெரிக்கா! ஆறு வருஷமா அங்கதான் கீறேன். இங்க சும்மா லீவுல வந்தேன். இந்தாங்க பாஸ்போர்ட்டு, இந்தாங்க ரிட்டன் டிக்கெட்டு."

லூர்தம்மா பாய்ந்து வந்தாள். "சார், வெயில்ல அவனுக்கு மண்ட கொயம்பிப் பூட்ச்சு சார்! அமெரிக்காவாவது ஒண்ணாவது, அவன் மீஞ்சூரத் தாண்டினதில்ல!"

"அக்கா, நீ கம்முனு இரு!"

"நீ கம்முனு இருடா!"

சௌக்கத் அலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஊரில் இல்லாத ஆளை இருக்கிறார் என்று சாதிக்கும் குடும்பங்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். எதிரே உட்கார்ந்துகொண்டு நான் இங்கே இல்லவே இல்லை என்று சத்தியம் செய்யும் ஆளை இருபது வருஷ சர்வீசில் இன்றுதான் பார்க்கிறார்.

"அப்ப நீங்க இங்க இல்லன்னு நீங்களே ஒத்துக்கறீங்க?"

"ஒத்துக்கறேன் சார். எழுதிக்குங்க. நல்லா பெருசா எழுதிக்குங்க."

அவர் எழுதிக்கொண்டார். பேனாவில், பெரிசாகவே எழுதினார்.

கஸ்பாருக்குத் தைரியம் வந்துவிட்டது. "அந்த டாக்ஸ் விஷயமும் ஒத்துக்கறேன். ரெண்டு வருஷம் கட்டல. தப்புதான். தவணைல கட்டிடறேன். கார்டுல மட்டும் கைய வச்சிடாதீங்க சார். எங்க வூட்டம்மாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது."

"டாக்ஸா? இந்தக் கார்டுக்கு எதுக்கு டாக்ஸு? நான் கேக்கறது அரிசி, சக்கர, மண்ணெண்ண. நீங்க அமெரிக்கால இருந்தீங்கன்னா, மாசாமாசம் உங்க பேர்ல யாரு வாங்கினது?"

"அமெரிக்கால அரிசி நாங்களே கடைல..." என்று ஆரம்பித்த கஸ்பார் நிறுத்தினார். "சார், நீங்க எந்த ஆபீசு?"

"ரேஷன் ஆபீசு. போலிக் கார்டு கணக்கெடுப்பு." நோட்டைத் திருப்பிக் காட்டினார். "பச்சைக் கார்டு. குடும்பத் தலைவர் கஸ்பார், மனைவி ஹில்டா. இந்தத் தெரு, இந்த நம்பர்."

கஸ்பார் கூலிங் கிளாஸைக் கழற்றினார். கோட்டையும் கழற்றினார். அமெரிக்கா போகும்போது சமையலறைப் பரணில் விட்டுப் போன ரேஷன் கார்டு அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை. வெள்ளைக் கார்டுக்குச் சர்க்கரை மட்டும், பச்சைக் கார்டுக்கு அரிசியும் உண்டு என்பதைக் கூட மறந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது.

லூர்தம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ரெண்டு ரூவா அரிசிடா. சும்மா போவுதேன்னு வாங்கினேன். காலைல இட்லி சுட்டு விக்கறேனே, அதுக்குத்தான். உன் இட்லி இன்னாமா மெத்துன்னு கீதுன்னு தின்னியே, அது உன் அரிசிதான்."

"இப்ப இன்னா சார் ஆவும்?" என்றார் கஸ்பார்.

"ஊர்ல இல்லாத ஆளு கார்டுல பொருள் வாங்கினா கேஸு. நேத்து இவங்க சொன்னத வச்சு 'ஆள் உண்டு'ன்னு எழுதிட்டுப் போயிருப்பேன். ஒரு பார்மாலிட்டிக்குத்தான் இன்னிக்கி வந்தேன். நீங்கதான் பெருசா எழுதிக்கச் சொன்னீங்க."

லூர்தம்மா தம்பியைப் பார்த்த பார்வையில் அரிவாள்மணை இருந்தது. கஸ்பாருக்கு அழுகையே வந்துவிட்டது. தன் கார்டைக் காப்பாற்றப் போய் அக்காவை மாட்டிவிட்டார். சௌக்கத் அலியின் கையைப் பிடித்து உட்காரவைத்து, தளம் போட்டது, வரி கட்டாதது, பெட்டித் துணிக்குள் கிடக்கும் கடிதம், வெள்ளிக்கிழமை வரப்போகும் ஹில்டா, எல்லாவற்றையும் கொட்டினார்.

சௌக்கத் அலி நல்ல மனுஷர். ஒரு தட்டு இட்லியும் வைத்தார்கள். சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்.

"ஒண்ணு பண்ணுங்க. இந்த மாசத்துக்குள்ள தானா வந்து கார்ட சரண்டர் பண்றவங்க மேல கேஸ் இல்லன்னு ஆர்டர் வந்திருக்கு. கார்ட இப்பவே குடுத்துடுங்க. ஒரு மனு எழுதி போஸ்ட்ல எங்க ஆபீசுக்கு அனுப்புங்க. அது வர வரைக்கும் இந்தப் பக்கத்த நான் மேல அனுப்பல. ஆனா மனுவுல அரிசி, சக்கர, ரேஷன் கட, அமெரிக்கா, ஒண்ணும் எழுதாதீங்க. எழுதினா மேல இருக்கறவன் நோண்டுவான். எனக்கும் என் மனைவிக்கும் கார்டு தேவையில்ல, முழு மனசோட சரண்டர் பண்றோம், கேன்சல் பண்ணுங்க. அவ்ளோதான்."

"ரொம்ப தேங்க்ஸ் பாய்!"

"அப்பறம் அந்த அமெரிக்கா டாக்ஸு. அவங்க சட்டம் எனக்குத் தெரியாது. ஆனா நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருபது வருஷமா குந்தினு கீறவன். தானா வந்து சொல்றவன எந்த ஆபீசும் கடிச்சித் தின்னாது. நாங்களா வந்து புடிச்சாத்தான் பேஜாரு. அங்கயும் ஒரு லெட்டர் போட்டுடுங்க."

ஆக, இரண்டு கடிதம். கஸ்பார் அன்று பிற்பகலும் மறுநாள் காலையும் உட்கார்ந்து இரண்டையும் எழுதினார். இரண்டும் இங்கிலீஷில். ரேஷன் ஆபீசுக்குத் தமிழிலேயே எழுதலாமே என்று லூர்தம்மா கேட்டாள். ஆறு வருஷம் ஹூஸ்டனில் இருந்துவிட்டுத் தமிழில் மனு கொடுத்தால் மரியாதையாக இருக்காது என்று கஸ்பாருக்குப் பட்டது. பச்சைக் கார்டு என்ற இடத்தில் கிரீன் கார்டு என்று எழுதினார். எழுதிவிட்டு, சௌக்கத் அலி கூடாது என்று சொன்ன எதையும் சேர்க்காமல் விட்டிருக்கிறோமா என்று ஒரு தரம் சரிபார்த்தார். அரிசி இல்லை, சர்க்கரை இல்லை, ரேஷன் கடை இல்லை, அமெரிக்கா இல்லை. மனு பளிச்சென்று இருந்தது.

புதன்கிழமை ரமாபாய் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனார். ரமாபாய் இங்கிலீஷ் ஹையர், தமிழ் ஹையர் இரண்டிலும் முதல் வகுப்பு. ராயபுரத்தில் எந்த மனு எந்த ஆபீசுக்குப் போவதானாலும் இந்த அம்மாவின் சிவப்புப் பென்சிலைத் தாண்டித்தான் போக வேண்டும். தப்பு என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் திருத்தாமல் விடமாட்டார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்களிடமே அதைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தவர்.

"'ஐ ஆம் நாட் பெய்ட் டாக்ஸ்'னு எழுதிருக்கீங்க தம்பி" என்றார் முதல் கடிதத்தைப் பார்த்து. "அதுக்கு, எனக்கு யாரும் டாக்ஸ் தரலன்னு அர்த்தம் வரும். மன்னிப்பு கேக்கறீங்களா, சண்டைக்குப் போறீங்களா?"

பன்னிரண்டு மிஷின்களும் ஒரு கணம் நின்றன. எஃப் ஜி ஹெச் ஜே அடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் வரி கட்டாத கஸ்பாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவா படிங்க டீச்சர்" என்று கெஞ்சினார் கஸ்பார்.

ரமாபாய் இரண்டாவது கடிதத்தை எடுப்பதற்குள் கஸ்பாரின் செல்போன் அடித்தது.

"நான் ஏர்போர்ட்ல கீறேன்" என்றது ஹில்டாவின் குரல். "நீ எங்க கீற?"

"நீ வெள்ளிக்கெழமதான..."

"டிக்கெட்ட மாத்திகினு வந்துட்டேன். வூட்டுக்கு வா. பேசணும்."

ஹில்டா சாதாரணமாக ஹூஸ்டனுக்குப் போனபிறகு பழகிய பவிசான தமிழ்தான் பேசுவாள். கோபம் வந்தால்தான் ராயபுரம் வரும். கஸ்பார் எழுந்துவிட்டார்.

"டீச்சர், நான் ஓடணும். இதை டைப் பண்ணி..."

"வெறும் பேப்பர் ரெண்டுல கீழ கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. மேல நான் டைப் பண்ணிக்கறேன். ரெண்டையும் ரிஜிஸ்டர் பண்ணி அனுப்பிடறேன். நூறு ரூபா வச்சிட்டுப் போங்க, மீதி அப்பறம் தரேன்."

"அட்ரஸ் எல்லாம்..."

"நீங்க கவலப்படாதீங்க தம்பி. என் கையால தப்பா ஒண்ணு வெளிய போனதில்ல."

கஸ்பார் இரண்டு வெள்ளைத் தாள்களின் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்.

வீட்டுக்கு அவர் வந்து கொஞ்ச நேரத்தில் டாக்சி வந்து நின்றது. ஹில்டா பெட்டியைத் திறக்கவில்லை, தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காகிதத்தை நீட்டினாள். குடியுரிமை விண்ணப்பத்துக்காக வரி ஆபீசில் நகல் கேட்டிருக்கிறாள். அந்த இரண்டு வருஷத்துக்கும் கணக்கே வரவில்லை என்று பதில் வந்திருக்கிறது.

"டாக்ஸ் கட்டியாச்சான்னு கேட்டேன். இன்னா சொன்ன?"

"கட்டியாச்சுன்னு சொன்னேன்."

"இன்னாத்த கட்டின?"

கஸ்பார் மேலே பார்த்தார். ஹில்டாவும் மேலே பார்த்தாள். வெள்ளையடித்த புதுத் தளம். நடுவில் ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

முதலில் புரிந்துகொண்டவள் லூர்தம்மாதான். "டேய், இது அந்தத் துட்டா? என்கிட்ட போனஸ் வந்துதுன்னு சொன்னியேடா!" என்றவள், கையிலிருந்த இரண்டு வளையல்களையும் சோப்பு கூடப் போடாமல் இழுத்துக் கழற்றி ஹில்டாவின் மடியில் வைத்தாள். "நானு ஒழுவற வூட்லயே இருந்திருப்பேம்மா. எனுக்குத் தெரியாது. மாதா மேல சத்தியமா தெரியாது."

ஹில்டா அந்த வளையல்களை எடுத்தாள். பிறகு லூர்தம்மாவின் கையை இழுத்து, சிவந்து போயிருந்த மணிக்கட்டில் தானே மாட்டிவிட்டாள்.

"துட்டு போனது பெருசில்ல அக்கா. தளம் போடணும்னு சொல்லிருந்தா நானே ரெண்டு டூட்டி சேத்துப் பாத்து அனுப்பிருப்பேன். ரெண்டு வருஷமா என் மூஞ்சியப் பாத்து பொய் சொல்லினு இருந்தான் பாரு, அதான் எனுக்கு வலிக்குது."

கஸ்பார் குழந்தை மாதிரி அழுதார். ஹில்டா அவரை அழவிட்டாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"அங்க ஒரு லாயரப் பாத்துட்டுத்தான் வந்தேன். இந்த வருஷம் சிட்டிசன்ஷிப் போட முடியாது. வரி கட்டாதவன நல்ல நடத்தன்னு ஒத்துக்க மாட்டாங்க. வேணும்னே ஏமாத்தினோம்னு முடிவு பண்ணினா கார்டே போயிடும், பொட்டியக் கட்டினு திரும்பி வரணும். ஆனா நாமளாவே கணக்க குடுத்துட்டு, தவணைல ஒழுங்கா கட்டினு இருந்தா கார்டுக்கு ஒண்ணும் ஆவாது."

"நானே ஒத்துகினு லெட்டர் எழுதிட்டேன் ஹில்டா" என்றார் கஸ்பார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இன்னிக்கே ரிஜிஸ்டர்ல போவுது. நீ வரதுக்கு முன்னாடியே எழுதிட்டேன். ரமாபாய் டீச்சரக் கேட்டுப் பாரு."

"நெசமாவா?"

"நம்ம ரேஷன் கார்டு விஷயத்தையும் முடிச்சிட்டேன். அதுக்கும் மனு குடுத்தாச்சு."

ஹில்டா புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமான இருபது வருஷத்தில் அவள் சொல்லாமல் கஸ்பார் செய்த முதல் காரியம் இது. அதுவும் ஒரே நாளில் இரண்டு. கோபம் அங்கேயே பாதி வடிந்துவிட்டது. மீதிப் பாதி லூர்தம்மாவின் மீன் குழம்பில் கரைந்தது.

அடுத்த பத்து நாள் கஸ்பாரின் வாழ்க்கையிலேயே நல்ல பத்து நாள். பிரௌசிங் சென்டரில் ஹில்டா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வருஷக் கணக்கையும் போட்டு முடித்தாள். தவணைக்கு விண்ணப்பமும் தயாரித்து ஹூஸ்டன் லாயருக்கு அனுப்பினாள். அவரும் பார்த்துவிட்டு, இனி பயமில்லை, கார்டுகளை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டார். கஸ்பார் சாயங்காலம் தோறும் பொண்டாட்டியை ஸ்கூட்டரில் வைத்துக் கடற்கரைக் காற்றுக்கு அழைத்துப் போனார். யார் எதிரில் வந்தாலும், ஆபீஸ் என்று பயப்படக் கூடாது, நாமளாகப் போய் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று உபதேசம் செய்தார். குமாரவேல் கூட இரண்டு தரம் கேட்க வேண்டியதாயிற்று.

ஒரே ஒரு சின்னக் குறை. ஒன்பதாம் நாள் சௌக்கத் அலி வண்டியை நிறுத்தி, "உங்க மனு இன்னும் எங்க ஆபீசுக்கு வரலியே" என்றார்.

"ரிஜிஸ்டர்ல போட்டாச்சு பாய். வந்துடும்."

"மாசம் முடிய ரெண்டு நாளுதான் கீது."

"டீச்சர் கையால போனது பாய், தப்பாப் போவாது."

ஊருக்குக் கிளம்பும் அன்று காலை. பெட்டிகள் கூடத்தில் அடுக்கியிருந்தன. லூர்தம்மா நெத்திலிக் கருவாட்டை ஐந்து உறைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அரிசி சொந்தக் காசில் வாங்கிச் சுட்ட இட்லி, கொஞ்சம் கெட்டியாகத்தான் இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. ஹில்டா இரண்டு கிரீன் கார்டுகளையும் எடுத்துத் துடைத்து, பாஸ்போர்ட் உறைக்குள் வைத்தாள்.

"இது ரெண்டும் கைல கீற வரைக்கும் நம்மள எவனும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

"முடியவே முடியாது" என்றார் கஸ்பார்.

அப்போது வாசலில் குடையை மடக்கிக்கொண்டு ரமாபாய் உள்ளே வந்தார். கையில் சில்லறையும் ஒரு தபால் ரசீதும், சீல் குத்திய ஓர் அட்டையும் இருந்தன.

"வாங்க டீச்சர்!" என்று கஸ்பார் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஹில்டா, நான் சொன்னேனே, இவங்கதான். ரெண்டு லெட்டரும் இவங்க புண்ணியம்."

"புண்ணியம் எல்லாம் ஒண்ணுமில்ல. இந்தாங்க, மீதி பன்னெண்டு ரூபா. டாக்ஸ் லெட்டர் அமெரிக்காவுக்கு அன்னிக்கே போயிடுச்சு. ரெண்டாவது லெட்டருக்கு அக்னாலெட்ஜ்மென்ட்டே வந்துடுச்சு, கையெழுத்துப் போட்டு வாங்கிட்டாங்க."

"அப்டியா? ஆனா, பாய் இன்னும் வரலன்னாரே?"

"எந்த பாய்?" ரமாபாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தப்பாக எழுதிய மாணவனைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி சிரித்தார்.

"எனக்கும் என் மனைவிக்கும் கிரீன் கார்டு வேணாம், முழு மனசோட சரண்டர் பண்றோம், உடனே கேன்சல் பண்ணுங்கன்னு எழுதிட்டு, போயும் போயும் ரேஷன் ஆபீஸ் அட்ரஸ் போட்டிருந்தீங்களே தம்பி, அதை அடிச்சுட்டு அமெரிக்கன் எம்பசிக்கே நேரா அனுப்பி வச்சேன்!"